போணிக்குப் பிறகு வருகிறவர்

ஜுனைதா ஜவுளி ஸ்டோரை ஒன்பது மணிக்குத் திறப்பார்கள். ஒன்பதேகாலுக்கு வருகைப் பதிவேட்டில் சிவப்பு மையால் ஒரு கோடு போட வேண்டும். அது சேதுலட்சுமியின் வேலை. கோட்டுக்கு மேலே கையெழுத்துப் போட்டவர்கள் நேரத்துக்கு வந்தவர்கள். கீழே போட்டவர்கள் தாமதமாக வந்தவர்கள்.

கோட்டுக்குக் கீழே தினமும் அவளுடைய அய்யாவின் கையெழுத்து இருந்தது.

அப்பாவை அவள் வீட்டில் அய்யா என்றுதான் கூப்பிடுவாள். பெயர் கூத்தையா. ராமநாதபுரம் சாலைத் தெருவில் இருந்த அந்தக் கடையில் பதினெட்டு வருடமாக வேட்டி, துண்டு, வெள்ளைத் துணி பகுதியில் நிற்கிறவர். சேதுலட்சுமி வேதியியலில் பட்டம் வாங்கிவிட்டு ஒரு வருடம் வீட்டில் இருந்தாள். அய்யா முதலாளியிடம் சொல்லித்தான் தை மாதம் பில் போடும் வேலை கிடைத்தது. அவள் யாரிடமும் வாய் கொடுக்க மாட்டாள். பில்லில் தப்பு வராது. ஆனி மாதம் பழைய கணக்கப்பிள்ளை ஓய்வு பெற்றதும் முதலாளி வாவு முகம்மது அவளை அந்த நாற்காலியில் உட்கார வைத்துவிட்டார். கடையில் எல்லோரையும் விட வயதில் சின்னவள் அவள்தான். அதுவரை 'பாப்பா' என்று கூப்பிட்டவர்கள் மறுநாளிலிருந்து 'மேடம்' என்றார்கள். அதில் பாதி கேலி என்று அவளுக்குத் தெரியும்.

அய்யாவை அங்கே எப்படிக் கூப்பிடுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. அதனால் கூப்பிடுவதே இல்லை.

ஆடி பிறந்த வாரத்தில் முதலாளி அவளைத் தன் அறைக்கு அழைத்தார். பதிவேடு அவர் முன்னால் விரிந்து கிடந்தது.

"ஏம்மா, இது கடையா, கல்யாண வீடா? ஆளாளுக்கு நெனச்ச நேரத்துக்கு வாராக?"

அவள் தரையைப் பார்த்தாள்.

"சம்பளமும் குடுக்குறேன். கமிஷனும் குடுக்குறேன். எப்ப வந்தாலும் கமிஷன் வந்துரும்னு நெனப்பு. நான் துபாயில பதினாலு வருசம் இருந்தவன். அங்கன இப்படி ஒரு நாளு வந்து பாக்கச் சொல்லு." பதிவேட்டை விரலால் தட்டினார். "நீ படிச்ச புள்ள. ஒரு வழி பண்ணு. யாரையும் வெளிய அனுப்பக் கூடாது. சம்பளத்துல கை வைக்கக் கூடாது. ஆனா ஆளு நேரத்துக்கு வரணும்."

அவர் அய்யாவின் பெயரைச் சொல்லவில்லை. பதிவேட்டை மூடும்போது மேலே சுற்றிக்கொண்டிருந்த மின்விசிறியைப் பார்த்தார். அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லியிருந்தால்கூட அவ்வளவு வெட்கமாக இருந்திருக்காது.

தாமதமாக வருகிறவர்கள் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். ரெடிமேடு பகுதியில் நிற்கும் மதார்தான் அதில் தலைவன்.

"பஸ்ஸு பஞ்சரு மேடம்," என்பான்.

"நேத்தும் பஞ்சருன்னுதானே சொன்ன?" என்று சேலைப் பகுதியிலிருந்து நூர் நிஷா கேட்பாள். சேதுலட்சுமி கேட்க நினைத்து விழுங்கியதைப் பல நாள் நூர் நிஷாதான் கேட்டாள்.

"அதே டயருதான்க்கா. ஒட்டு நிக்க மாட்டேங்குது."

ஒரு நாள் எல்லோரும் சிரித்து முடித்த பிறகு அவன் விடாமல் சொன்னான். "நானாவது ஒம்பதரைக்கு வாரேன். கூத்தையாண்ணன் பத்து மணிக்கு ஆடி அசஞ்சு வாராரு. அவரக் கேக்க ஒரு நாதியில்ல. ஆபீஸ் நம்ம வீட்டு ஆளுன்னா அப்படித்தான்."

சிரித்துக்கொண்டிருந்தவர்கள் அவளைப் பார்த்துவிட்டு வாயை மூடினார்கள். மதார் நாக்கைக் கடித்துக்கொண்டான். அவள் கால்குலேட்டரில் வெறுமனே எண்களை அழுத்திக்கொண்டிருந்தாள்.

இரண்டு நாள் யோசித்துத்தான் அவள் அந்த விதியைக் கண்டுபிடித்தாள். கமிஷன் ஆளுக்குத் தனியாகக் கிடையாது. ஒவ்வொரு பகுதியிலும் விற்றதன் கமிஷனை மொத்தமாகச் சேர்த்து, மாதக் கடைசியில் அந்தப் பகுதி ஆட்கள் சமமாகப் பிரித்துக்கொள்வார்கள். தாமதமாக வந்தவருக்கும் அதே பங்கு. அப்படியிருக்கும்போது யார் ஓடி வருவார்கள்? இனிமேல் காலையில் முதல் ஒரு மணி நேரத்து வியாபாரத்தைத் தனியாகப் பிரித்து வைப்பது, அந்தக் கமிஷன் கோட்டுக்கு மேலே கையெழுத்துப் போட்டவர்களுக்கு மட்டும். சம்பளம் குறையாது. யாரையும் திட்ட வேண்டியதில்லை. அவளுக்கு அதில் மிகவும் பிடித்தது அந்தக் கடைசிப் பகுதிதான்.

முதலாளி, "மாஷா அல்லாஹ்," என்றார்.

வாயால் சொல்லத் தைரியம் இல்லாமல் ஒரு தாளில் எழுதி, முகம் பார்க்கும் கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒட்டினாள். அய்யாவோடு ஒரே பகுதியில் நிற்கும் பால்சாமி அதை ரேடியோவில் செய்தி வாசிப்பது போல உரக்க வாசித்தார்.

"முதலாளியும்தான் கீழக்கரையிலருந்து பத்து மணிக்கு வாராரு. அவருக்குக் கமிஷன் கட்டா மேடம்?" என்றான் மதார்.

"ஏலே, நீ மொத பஞ்சர ஒட்டுடா," என்றார் பால்சாமி.

ஒரு வாரத்தில் பஞ்சர் ஒட்டப்பட்டுவிட்டது. மதார் எட்டு ஐம்பதுக்கே வந்து ஷட்டருக்கு வெளியே நின்றான். மற்றவர்களும் வந்தார்கள். கோட்டுக்குக் கீழே ஒரே ஒரு கையெழுத்து மிச்சம் இருந்தது.

அய்யா மேசைக்கு வருவார். மேசைமேல் கிடக்கும் பேனாவை எடுக்க மாட்டார். தன் சட்டைப் பையில் இருக்கும் பேனாவால் கையெழுத்துப் போடுவார். அவள் பதிவேட்டை அவர் பக்கம் திருப்பி வைத்துவிட்டு வேறு எங்காவது பார்ப்பாள். அவரும் அப்படித்தான்.

அவளுக்குப் புரியாத விஷயம் வேறு ஒன்று. அய்யா அவளுக்கு முன்னாலேயே வீட்டை விட்டுக் கிளம்பிவிடுகிறார். தண்ணீர் வண்டியில் இரண்டு குடம் நல்ல தண்ணீர் வாங்கி வைப்பார், குளிப்பார், திருநீறு பூசுவார், சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு எட்டேகாலுக்கெல்லாம் இறங்கிவிடுவார். கேணிக்கரையிலிருந்து சாலைத் தெருவுக்கு மெதுவாக நடந்தாலும் கால் மணி நேரம் ஆகாது. தை மாதம் அவள் வேலைக்குச் சேர்ந்த அன்றே அவர்தான் சொன்னார்: "நீ பொறவு வா தாயி. நீ ஆபீஸு, நான் சேல்ஸு. சேந்து போயி எறங்குனா ஒரு மாதிரி இருக்கும்." அன்று அவளுக்கு நிம்மதியாக இருந்தது. நிம்மதியாக இருந்ததை நினைத்து உடனே கூச்சமாகவும் இருந்தது.

மாதச் சம்பளம் வந்த அன்று சாப்பிடும்போது அம்மா பஞ்சம்மாள் கேட்டாள். "கமிஷன் என்ன இம்புட்டுக் கொறஞ்சிருக்கு?"

அய்யா, "ஆடி மாசம்ல," என்றார்.

"ஆடித் தள்ளுபடியில நல்லா ஓடும்னுதான வருசா வருசம் சொல்லுவீக? பால்சாமி பெண்டாட்டிய தண்ணி வண்டிகிட்ட பாத்தேன். கடையில யாரோ புதுசா சட்டம் போட்டிருக்காகளாம்ல. அதான் வெட்டாம். எந்தச் சிறுக்கி போட்டான்னு தெரியல. அவ கை வெளங்குமா?"

சேதுலட்சுமியின் கை சோற்றில் நின்றது.

"சாப்பாட்டு நேரத்துல என்ன பேச்சு?" என்றார் அய்யா. "தாயி, ரசம் ஊத்திக்க."

மறு வாரம் ஈரோட்டிலிருந்து வந்த துணிக்கட்டுக்கு ரசீது வாங்க அவள் காலையிலேயே பார்சல் ஆபீசுக்குப் போக வேண்டியிருந்தது. பழைய பேருந்து நிலையத்தின் வழியாக நடந்தாள். அங்கே, தேவிபட்டினம் பேருந்து நிற்கும் இடத்துக்கு எதிரே, சிமெண்டுப் பெஞ்சில் அய்யா உட்கார்ந்திருந்தார். தூக்கை மடியில் வைத்திருந்தார். ஒவ்வொரு பேருந்து உள்ளே திரும்பும்போதும் நிமிர்ந்து பலகையைப் பார்த்தார். பக்கத்தில் இருந்தவரிடம் ஏதோ கேட்டார். அவர் 'இன்னும் வரல' என்பது போலக் கையை விரித்தார். அய்யா தலையை ஆட்டிவிட்டு மறுபடி காத்திருந்தார்.

அவர் எந்த ஊருக்கும் போகப் போவதில்லை. சும்மா உட்கார்ந்திருக்கிறவர் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது என்பதற்காகக் காத்திருப்பது போலக் காட்டிக்கொண்டிருந்தார்.

அவள் திரும்பிப் போயிருக்க வேண்டும். நின்றுவிட்டாள். அய்யா அவளைப் பார்த்தார். அந்த நேரம் தேவிபட்டினம் பேருந்து நகரத் தொடங்கியது. அய்யா எழுந்தார், வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினார், பின் படியில் தொற்றி ஏறினார். ஜன்னல் வழியாக அவர் முகம் தெரிந்தது. அவசர வேலையாகப் போகிறவர் போல நேரே பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று அவர் கடைக்கு வரும்போது பதினொரு மணி. முதலாளி கல்லாவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.

"என்னண்ணே, இன்னைக்கு இம்புட்டு நேரமாயிருச்சு?" என்றார் பால்சாமி. அவர் குரலில் கேலி இல்லை. உண்மையாகவே பயந்து கேட்டது போல இருந்தது.

"தேவிபட்டினத்துல ஒரு சோலி."

"அங்கன கடலுக்குள்ள நவக்கிரகம் சுத்திட்டு வாராரு போல," என்றான் மதார். யாரும் சிரிக்கவில்லை. பால்சாமி அவனைப் பார்த்த பார்வையில் அவன் சட்டைகளை அடுக்கப் போய்விட்டான்.

முதலாளி அவளை உள்ளே கூப்பிட்டார். இந்த முறை மின்விசிறியைப் பார்க்கவில்லை.

"மத்தவக என்ன நெனப்பாக சொல்லு? சனிக்கிழமை வரைக்கும் பாப்பேன். அதுக்கு மேலயும் இப்படின்னா, ஒங்க அய்யாவ வண்டிக்காரத் தெரு குடோனுக்கு மாத்திருவேன். நீதான் பேர எழுதிக் குடுக்கணும். ஒன் ரூலு. எனக்கும் மனசு கஷ்டம்தான்."

குடோனில் கமிஷன் கிடையாது. ஆள் முகம் கிடையாது. கட்டு அறுத்து, எண்ணி, விலைச்சீட்டுக் கட்டி அனுப்புகிற வேலை. பதினெட்டு வருடம் 'வாங்கத்தா, வாங்க' என்று நின்றவரை அங்கே அனுப்ப அவள் கையால் எழுத வேண்டும்.

மத்தியானம் பெண்கள் சேலை ஸ்டாக் அறையில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். அன்று அவளுக்கு இறங்கவில்லை. நூர் நிஷா மற்றவர்கள் கை கழுவப் போகும் வரை காத்திருந்தாள்.

"சேது, ஒனக்கு நெசமாவே தெரியாதா?"

"என்னக்கா?"

"ஒங்க அய்யா ஏன் பொறவு வாராருன்னு."

தெரியாது என்று தலையாட்டினாள்.

நூர் நிஷா குரலைத் தாழ்த்தினாள். "நம்ம கடையில மையத்துத் துணிக்கும், கோடித் துணிக்கும் கமிஷன் கெடையாதுல்ல?"

அது சேதுலட்சுமிக்குத் தெரியும். இறந்தவர்களுக்குப் போர்த்த எடுக்கும் துணியில் யாரும் பங்கு பார்க்கக் கூடாது என்று முதலாளியின் வாப்பா காலத்திலேயே வைத்த வழக்கம். அந்தப் பில்களில் மூலையில் ஒரு புள்ளி இருக்கும். மாதா மாதம் அவள்தான் அவற்றைக் கமிஷன் கணக்கிலிருந்து கழித்து வைக்கிறாள்.

"ராத்திரி ஒருத்தரு மவுத்தானா காலையில கடை தொறக்கயிலயே வந்து நிப்பாக. ஒங்க அய்யாகிட்டத்தான் போவாக. அவரு எதுவும் கேக்க மாட்டாரு. மூஞ்சியப் பாத்தே எடுத்துக் குடுத்து அனுப்பிருவாரு. போன தீபாவளி சீசன்ல அடுத்தடுத்து நாலஞ்சு நாளு அவரு கையால கோடித் துணிதான் போணி. மொத யாவாரமே கமிஷன் இல்லாத யாவாரம். அந்த வாரம் பூராம் அடமழை. கடையில ஈ ஆடல. தீபாவளிக் கமிஷன நம்பிக் கடன் வாங்குனவக எல்லாம் இருந்தாக. பால்சாமிண்ணனுக்கு மூணும் பொம்பளப் புள்ள." நூர் நிஷா டிபன் பாக்ஸ் மூடியைத் திருகினாள். "அவருதான் சொன்னாரு. மரியாதையாத்தான் சொன்னாரு. 'அண்ணே, நீங்க ஒரு டீயப் போட்டுட்டு, போணி ஆனதும் வாங்களேன்'னு. ஒங்க அய்யா சரின்னுட்டாரு. ஒரு வார்த்த எதுத்துப் பேசல."

"நீங்கள்லாம்?"

"நான் ஒண்ணும் சொல்லல." மூடியை மறுபடி திறந்து மூடிவிட்டு, "ஒண்ணும் சொல்லாமத்தான் இருந்தேன்," என்றாள்.

"முதலாளிக்கு?"

"அல்லாவே! அவருக்குத் தெரிஞ்சா தோல உரிச்சிருவாரு. கைராசி, சகுனமெல்லாம் ஈமானுக்கு ஆகாதும்பாரு. அதான் யாரும் வாயத் தொறக்கல."

பத்து மாதமாக அய்யா காலையில் வீட்டிலிருந்து சரியான நேரத்துக்குக் கிளம்பி, பேருந்து நிலையத்தில் உட்கார்ந்து, கடையில் முதல் வியாபாரம் முடிந்திருக்கும் என்று தோன்றும்போது எழுந்து வந்திருக்கிறார். அவருக்கு அவள் கோடு போட்டிருக்கிறாள்.

அன்று சாயங்காலம் அம்மா கோயிலுக்குப் போயிருந்தாள். அய்யா கொடியிலிருந்து எடுத்த வேட்டியை மடித்துக்கொண்டிருந்தார். கடையில் மடிப்பது போலவே, விளிம்போடு விளிம்பு சேர்த்து.

"அய்யா."

"ம்."

"நூர் நிஷாக்கா சொன்னாக."

மடிப்பு நிற்கவில்லை. "என்னன்னு?"

"எல்லாந்தான்." கொடியில் மிச்சம் இருந்த துண்டை எடுத்து அவரிடம் நீட்டினாள். "முதலாளிகிட்ட நான் சொல்லிர்றேன். இதுதான் காரணம்னு."

"வேணாம்."

"குடோனுக்கு மாத்திருவேங்குறாரு அய்யா."

"மாத்தட்டும்." வேட்டியைக் கட்டிலில் வைத்தார். "லேட்டா வாரவன்னு ஒரு பேரு. அது பரவாயில்ல தாயி. சோம்பேறிப் பயன்னு நாலு பேரு சொல்லுவான், மறந்துருவான். இது அப்படியில்ல. இது கடைய விட்டு வெளிய வந்துச்சுன்னா வீடு வரைக்கும் வந்துரும். நாளைக்கு ஒன்னயப் பொண்ணு பாக்க வாரவன் காதுல விழுகும். கோடித் துணிக்காரன் மகளான்னு கேப்பான்."

"நீங்க நம்புறீகளா அய்யா?"

"நம்பல," என்றார் உடனே. பிறகு தன் உள்ளங்கையைப் பார்த்தார். "தெரியல. நாலு பேரு சொன்னா நம்ம கைய நாமளே திருப்பிப் பாக்கத் தோணுது."

அவள் இரவெல்லாம் யோசித்து வைத்தது போல அதைச் சொன்னாள். உண்மையில் அப்போதுதான் தோன்றியது. "வெள்ளிக்கெழம முகூர்த்தத் துணி எடுக்கக் கூட்டம் வரும். அன்னைக்கு ஒரு நாளு நேரத்துக்கு வாங்க. மொத யாவாரம் நீங்க பண்ணுங்க. கல்யாணத் துணியாப் பண்ணுங்க. அன்னைக்குக் கடை நல்லா ஓடும், கட்டாயம் ஓடும். ஒரு நாளு ஓடுனாப் போதும். அதோட இந்தப் பேச்சு செத்துரும்."

ஒரு கருத்து தப்பென்று காட்ட மாறான ஒரு முடிவு போதும் என்று அவள் கல்லூரியில் படித்திருந்தாள். அதை அவள் சந்தேகப்பட்டதே இல்லை.

அய்யா மடித்து வைத்த வேட்டியை மறுபடி நீவினார். "நீ சொல்ற," என்றார் கடைசியில். அது சம்மதமா, வருத்தமா என்று தெரியவில்லை. அவள் சம்மதம் என்று எடுத்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை இருவரும் சேர்ந்து நடந்தார்கள். அய்யா வெளுத்த சட்டை போட்டிருந்தார். கோட்டுக்கு மேலே கையெழுத்துப் போட்டார், மேசைமேல் இருந்த பேனாவால். அவர் முகத்தில் லேசாக ஒரு சிரிப்பு வந்து போனது. அவளுக்கு நெஞ்சு நிறைந்தது.

"என்னண்ணே, இம்புட்டு வெள்ளன?" என்றார் பால்சாமி. சொல்லிவிட்டு அவளைப் பார்த்தார். நூர் நிஷா சேலை அடுக்குப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

முதலில் வந்தது உச்சிப்புளியிலிருந்து ஒரு கல்யாண வீட்டார். மாப்பிள்ளையின் அம்மா, கூட இரண்டு பெண்கள். நேரே பட்டு வேட்டி இருக்கும் பக்கம் வந்தார்கள்.

"வாங்கத்தா, வாங்க," என்றார் அய்யா. பத்து மாதத்துக்குப் பிறகு காலை நேரத்துக் கடையில் அந்தக் குரல் கேட்டது. ஒரு கட்டை எடுத்துப் பிரித்து, மேல் வேட்டியை விரித்துக் காட்டினார். சரிகை வெளிச்சத்தில் மின்னியது. அந்த அம்மா குனிந்து தொட்டுப் பார்த்தாள்.

பால்சாமி வேகமாக நடந்து வந்தார். "அண்ணே, நீங்க இருங்க. நான் பாக்குறேன்."

அய்யா கையை எடுத்துக்கொண்டார். அவளுக்கு எங்கிருந்து அவ்வளவு சத்தம் வந்தது என்று தெரியவில்லை. நாற்காலியை விட்டு எழுந்து, "அவரே பாக்கட்டும்," என்றாள். கடையில் இருந்த அத்தனை பேரும் திரும்பினார்கள்.

பால்சாமி முகம் சுருங்கிப் போனது. "தாயி, கல்யாணத் துணி. இன்னைக்குப் போயி... தெரிஞ்சே செய்யலாமா?"

அந்த அம்மா இருவரையும் பார்த்தாள். பிறகு அய்யாவின் கையைப் பார்த்தாள். "ஏன்? அவரு கைக்கு என்ன?"

மதார்கூடத் தலையைக் குனிந்துகொண்டான். சேதுலட்சுமி வாயைத் திறந்தாள். ஒன்றுமில்லை என்று சொல்ல வேண்டும். அந்த ஒரு சொல் வரவில்லை.

அய்யாதான் சொன்னார். "ஒண்ணுமில்லத்தா. நான் வெள்ளைத் துணிக்கு நிக்கிற ஆளு. கல்யாணத்துக்கு இவரு நல்லா எடுத்துக் குடுப்பாரு."

அந்த அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. கோபமெல்லாம் படவில்லை. விரித்த வேட்டியிலிருந்து மெதுவாகக் கையை எடுத்துச் சேலையில் துடைத்துக்கொண்டாள். "நல்ல காரியமில்லையா, அதான். தம்பி, அந்தக் கட்டு வேணாம். வேற கட்டுலருந்து எடுங்க."

அய்யா அந்த வேட்டியை விளிம்போடு விளிம்பு சேர்த்து மடித்தார். கட்டில் வைத்து நாடாவைக் கட்டினார். அடுக்கில் அடியில் வைத்தார்.

பால்சாமி வேறு கட்டிலிருந்து எடுத்துக் கொடுத்தார். அவர்கள் பட்டு வேட்டி மட்டுமல்ல, பந்தல் ஆட்களுக்கும் பங்காளிகளுக்கும் வேட்டி துண்டு எல்லாம் அங்கேயே எடுத்தார்கள். பிறகு அடுத்த வீட்டார் வந்தார்கள். சாயங்காலம் வரை உட்கார நேரமில்லை. அந்த ஆவணியில் அதுதான் நல்ல வியாபார நாள். கடை அடைக்கும்போது யாரும் எதையும் சொல்லிக் காட்டவில்லை. சொல்ல வேண்டிய அவசியம் இல்லை. போணி பால்சாமி கையில் ஆனது. கடை ஓடியது. அவள் வைத்த சோதனைக்கு முடிவு வந்துவிட்டது.

மறுநாள் முதலாளி அவளைக் கூப்பிட்டார். அவர் முகம் தெளிவாக இருந்தது.

"நேத்து கடை அடைக்கும்போது ஒங்க அய்யா வந்தாரு. தானா வந்து கேக்குறாரு, குடோனுக்குப் போறேன்னு. முட்டு வலியாம். நின்னு யாவாரம் பண்ண முடியலையாம். அதான் காலையில லேட்டாச்சாம். முன்னயே சொல்லியிருக்கலாம்ல? நீயாவது சொல்லியிருக்கலாம்."

அவள் மேசைமேல் கிடந்த பதிவேட்டை நேராக்கி வைத்தாள்.

"பரவாயில்ல. ஒன் ரூலு இல்லன்னா இது வெளிய வந்திருக்காது. இப்ப பாரு, கோட்டுக்குக் கீழ ஒரு பேரு இல்ல. நல்ல வேலை பண்ணியிருக்க."

இப்போது சொல்லலாம். முதலாளி கேட்பார், கத்துவார், எல்லோரையும் நிற்க வைத்துப் பேசுவார், அய்யாவைத் திரும்ப வேட்டிப் பகுதியில் நிறுத்துவார். பிறகு கேணிக்கரை முழுக்கத் தெரியும். அய்யா வேண்டாம் என்றார் என்று அவள் தனக்குள் சொல்லிக்கொண்டாள். ஆனால் அவள் நினைவில் நின்றது அய்யா சொன்ன வேறு ஒரு சொல். கோடித் துணிக்காரன் மகளான்னு கேப்பான். அவள் வாயை அடைத்தது அதுதான். அது அவளுக்குத் தெரிந்தது.

"சரிங்க முதலாளி," என்றாள்.

அய்யா குடோனுக்குப் போனார். அது எட்டு மணிக்கே திறக்கும். ஒரு நாளும் அவர் பிந்தவில்லை. அம்மா, "நின்னு நின்னு முட்டுத் தேஞ்சதுதான் மிச்சம்," என்று ஓமத்தைலம் வாங்கி வைத்தாள். அய்யா வலிக்காத முழங்காலில் தினமும் அதைத் தேய்த்துக்கொண்டார். அவள் அருகில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பாள். இருவரும் கடையைப் பற்றிப் பேசுவதில்லை.

ஐப்பசியில் தீபாவளிக் கூட்டம் தொடங்கியது. ஈரோட்டிலிருந்து வரும் கட்டுகள் எல்லாம் முதலில் குடோனில் இறங்கும். அய்யா பிரிப்பார், ஒவ்வொன்றாக எண்ணுவார், கறை இருக்கிறதா என்று விரித்துப் பார்த்து மடிப்பார், விலைச்சீட்டு எழுதிக் கட்டுவார். பிறகு கடைக்கு வரும். வேட்டி மட்டுமல்ல. சேலை, பட்டு, குழந்தைகள் துணி, எல்லாம்.

சேதுலட்சுமிக்கு அது ஒரு காலை, போணி நேரத்தில் உறைத்தது. பால்சாமி புது வேட்டிக் கட்டை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, முதல் வாடிக்கையாளர் முன்னால் விரித்தார். இந்தக் கடையில் அய்யா கை படாத துணி இனி ஒன்றுகூட இல்லை. அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. பயமாக இருந்தது. இதை யாராவது யோசித்துவிட்டால் அய்யா அதற்கு மேல் எங்கே போவார்?

வந்திருந்த பெண்மணி தலைத்தீபாவளிக்கு மருமகனுக்கு வேட்டி எடுக்க வந்தவள். வேட்டியில் கட்டியிருந்த விலைச்சீட்டைத் திருப்பிப் பார்த்தாள். "கையெழுத்து முத்து முத்தா இருக்கே. யாரு எழுதுனது?"

"அது நம்ம குடோன்ல..." என்று ஆரம்பித்த பால்சாமி நின்றுவிட்டார். கையிலிருந்த வேட்டியைப் பார்த்தார். பின்னாலிருந்த அடுக்கைப் பார்த்தார். மெதுவாக அந்தப் பகுதி முழுவதையும் பார்த்தார். பிறகு சேதுலட்சுமியைப் பார்த்தார்.

"கம்பெனியிலருந்தே அப்படித்தான் வருது," என்றாள் அவள்.

பால்சாமி சீட்டை வேட்டியின் மடிப்புக்குள் செருகினார்.

"ஆமாத்தா. ஈரோட்டுலருந்தே எழுதி வந்துருது," என்றார். "வேட்டியப் பாருங்க. கரை எப்படியிருக்கு?"

சேதுலட்சுமி பில் புத்தகத்தை எடுத்தாள்.